பதினாறு அங்குல ரிம்

எல்மாவின் கைகள் ரிம்மின் உட்புறத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தன. வலது கையில் பழைய திருப்புளி, இடது கையில் கம்பி பிரஷ். பேலன்ஸுக்காக ஈயக்கட்டி ஒட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஏதோ செங்கல் போல இறுகிப்போயிருந்தது. அடியில் முனையைக் கொடுத்து நெம்பியதும் ஒரு கட்டி பெயர்ந்து மேசைமேல் விழுந்தது. சிவப்புக் களிமண். அதற்குள் காய்ந்த ஊசியிலைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன.

இந்த மண் ஒரு பக்கமாக அப்பிக்கிடந்தால் எந்தச் சக்கரமும் பேலன்ஸில் நிற்காது. அதனால்தான் சுரண்டல். இரண்டாவது சக்கரத்தை உருட்டி வந்து திருப்பிப் பார்த்தபோது அதிலும் அதே மண் இருந்தது. மூன்றாவதிலும் இருந்தது.

பிறகு உள்ளங்கை டயரின் மேல் மெல்ல ஓடியது. முதலில் ஒரு பக்கமாக, பிறகு எதிர்ப்பக்கமாக. ஓடித் தேய்ந்த டயரில் பட்டன் பட்டனாக எழும்பி நிற்கும் ரப்பர் மேடுகளின் விளிம்பு ஒரு பக்கம் தடவினால் வழுக்கும், மறுபக்கம் தடவினால் அரம் போல உரசும். இது அம்புக்குறி போட்ட டயர். ஒரே திசையில்தான் உருள வேண்டும். சரியாக உருண்டிருந்தால் அரம் எந்தப் பக்கம் இருக்குமோ, அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தது. இடப்பக்கச் சக்கரத்தை வலப்பக்கம் மாட்டி மாதக்கணக்கில் ஓட்டியிருக்கிறார்கள்.

எல்மா அப்படி மாட்டுகிறவள் அல்ல. இந்த நான்கையும் போன நவம்பரில் அவளேதான் தங்கை ரூத்தின் பிக்கப்பில் மாட்டியிருந்தாள். இடம் எது என்று ரிம்மின் உள்ளே மஞ்சள் சாக்குக்கட்டியால் எழுதியும் வைத்திருந்தாள். அந்த எழுத்து இன்னும் அழியாமல் இருந்தது.

"என்ன எல்மா, மண்ணைத் தங்கம் மாதிரி உத்துப் பார்க்குறே?" என்றார் வெய்க்கோ. மரம் வெட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மான் வேட்டை சீசனுக்கு முந்தின வாரம் முழுவதும் எல்மாவின் கராஜில் அடுப்புக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. அவருடைய பழைய வண்டிக்கு வரவழைத்த டயர்கள் சுவரோரம் அடுக்கியிருந்தன. முறை வரும்வரை காப்பி குடிப்பார்.

"இது எந்த ஊர் மண்ணு வெய்க்கோ?"

அவர் வாங்கி விரலால் நசுக்கிப் பார்த்தார். "நம்ம வேட்டைக் கேம்ப் ரோட்டு மண்ணாச்சே இது. ஒட்டிச்சுன்னா சவுனா நீராவியில உட்கார்ந்து தேய்ச்சாலும் போகாது."

"போன சீசன்ல கேம்ப்புக்கு எதுல போனீங்க?"

"டேரல் வண்டியிலதான். அன்னிக்கு அந்த மேட்டுல ஏறின வண்டி அது ஒண்ணுதான் தெரியுமா. மத்தவனோடதெல்லாம் ஆத்துப் பாலத்துகிட்டயே நின்னுபோச்சு. இவன் ஒரு கையில காப்பியை வெச்சுக்கிட்டே ஏத்துறான். 'டயரைப் பாத்தீங்களா, என் டயரைப் பாத்தீங்களா'ன்னு வழி பூரா அதே பேச்சு."

எல்மா திருப்புளியை மேசைமேல் வைத்தாள். அவள் வைத்த விதத்தைப் பார்த்து வெய்க்கோ காப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

டேரல் ரூத்தின் கணவன்.

போன வருடம் சீசன் தொடங்கிய மறுநாள் காலை, ஏரியிலிருந்து கிளம்பிய பனிப்புயலில் ரூத்தின் பிக்கப் ஹெய்க்கிலா மேட்டில் சறுக்கி ஓடைப் பள்ளத்தில் விழுந்தது. ரூத் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கும் நர்ஸ். பனி தள்ளும் வண்டிக்காரர் பார்க்கும்வரை அவள் உள்ளேயே கிடந்தாள். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. கேம்ப்பிலிருந்து ஓடிவந்த டேரல், எல்மா போய்ச் சேருவதற்கு முன்னாலேயே வண்டியைத் தானே கட்டி இழுத்துக்கொண்டு போய்த் தன் கொட்டகையில் விட்டுப் பூட்டினான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ரூத் அக்காவைப் பார்த்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "டயர் பிடிக்கல எல்மா."

தான் போட்ட டயர்தான் காரணம் என்று நம்ப எல்மாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

அவள் இந்தத் தொழிலுக்குப் படித்து வந்தவள் அல்ல. கணவன் விஸ்கான்சினுக்கு இன்னொருத்தியோடு போனபோது கராஜையும் டயர் மெஷினையும் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. அதுவரை பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தவள் மெஷினோடு சண்டை போட்டுப் பழகினாள். விரல் நகம் இரண்டு போயின. டயர் கம்பெனிக்காரர்கள் சொல்வதை நம்புவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொண்டாள். புது ரகம் எது வந்தாலும் முதலில் தன் வண்டியில் மாட்டுவாள். ஜனவரியில் சர்ச் மைதானம் கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும்போது போய் ஓட்டி, ஒரே இடத்தில் பிரேக்கை மிதித்து, வண்டி நிற்கும் இடத்தில் காலி காப்பி டப்பாவை வைத்துவிட்டு வருவாள். டப்பாக்கள் எங்கெங்கே கிடக்கின்றன என்று பார்த்துத்தான் அந்த வருடம் எதை விற்பது என்று தீர்மானிப்பாள். டயரின் பக்கத்தில், பனிக்கு ஏற்றது என்று மலையும் பனிப்பூவும் பொறித்த முத்திரை இருக்கிறதே என்று யாராவது கேட்டால், "அது கிளம்புறதுக்குக் குடுத்த முத்திரை. நிக்கிறதுக்கு இல்ல. உனக்கு எது வேணும்?" என்பாள்.

அந்த ஜனவரியில் அவள் மைதானத்துக்குத் திரும்பத் திரும்பப் போனாள். ரூத்துக்குப் போட்ட அதே ரகத்தை மாட்டிக்கொண்டு போனாள். ஒவ்வொரு தடவையும் வண்டி ஒழுங்காக நின்றது. ஒவ்வொரு தடவையும் அவள் அதை நம்பவில்லை. ரூத்தின் வண்டிக்கு அகலம் அதிகமோ, காற்று அதிகம் வைத்துவிட்டேனோ, ரப்பர் பழசோ என்று குடைந்துகொண்டிருந்தாள். அதற்குள் ஊர் பேசிவிட்டது. கூடப் பிறந்தவளுக்கே ஒழுங்காக டயர் போடத் தெரியாதவள் நமக்கா போடப்போகிறாள் என்று பாதிப் பேர் பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய கடைக்குப் போனார்கள். வசந்தத்தில் ரூத்தின் வண்டிக்குக் கோடை டயரை டேரலே வீட்டில் மாற்றிக்கொண்டான். எல்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வாயில்லை அவளுக்கு.

இப்போது மேசைமேல் மண் கிடந்தது.

ரூத் கராஜின் உள்ளறையில் இருந்தாள். இன்று அவளுக்கு விடுமுறை. அவளுடைய பிக்கப் ஜாக்கியில் சக்கரம் இல்லாமல் நின்றது. பக்கத்தில் டேரலுடைய புது பிக்கப் முன்சக்கரம் ஒன்று கழற்றிய நிலையில். காலையில் பேலன்ஸ் பார்க்க விட்டுப்போயிருந்தான். இரண்டும் ஒரே கம்பெனி வண்டி, ஆறு நட்டு, அதே இடைவெளி. ஒன்றின் சக்கரம் மற்றதிலும் ஏறும்.

"ரூத், இங்க வா."

"முடிஞ்சுதா?"

"போன வருஷம் மேட்டுல சறுக்கினப்ப உன் வண்டியில என்ன டயர் இருந்துச்சு?"

ரூத் மேசையைப் பார்த்தாள். அவளுடைய இடது கை தானாகப் போய் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. "நீ போட்டதுதான்."

"இன்னொரு தடவை சொல்லு."

வெய்க்கோ அடுப்புக்குள் விறகு வைப்பதுபோலக் குனிந்துகொண்டார். அடுப்பு ஏற்கெனவே நிறைய எரிந்துகொண்டிருந்தது.

"ரெண்டு நாளுன்னுதான் கேட்டான்" என்றாள் ரூத். "கேம்ப் ரோடு ஏறாது, அண்ணன் தம்பிங்க எல்லாம் அங்க இருக்காங்க, நான் மட்டும் கீழ நின்னா மானம் போயிடும்னான். கோடை டயரை என் வண்டியில மாட்டிட்டான். ரேடியோவுல புயல் அதுக்கப்புறந்தான்னு சொன்னாங்க."

"வந்துருச்சு."

"வந்துருச்சு."

"விழுந்த வண்டியை அவன் இழுத்துட்டுப் போனது நான் பார்க்கக் கூடாதுன்னுதான். கொட்டகையில வெச்சு டயரைத் திரும்ப மாத்திட்டான். அவசரத்துல அம்பு எந்தப் பக்கம்னுகூடப் பார்க்கல" என்றாள் எல்மா.

ரூத் தலையை ஆட்டினாள்.

"அவன் அழுதான் எல்மா. ஆஸ்பத்திரியில என் கட்டில்கிட்ட முழங்கால் போட்டு. இது வெளிய தெரிஞ்சா ஊருக்குள்ள எப்படி நடப்பேன்னு கேட்டான்."

"அதனால அவனுக்குப் பதிலா நான் நடந்தேன். ஊருக்குள்ள." எல்மாவின் குரல் உயரவில்லை. அதுதான் ரூத்துக்குப் பயமாக இருந்தது. "ஜனவரி பூரா டப்பாவை வெச்சு வெச்சு ஓட்டிப் பார்த்தேன். பாஸ்டர் வெளிய வந்து, மனசுக்கு ஏதாவது கஷ்டமா எல்மான்னு கேட்டுட்டுப் போனார். உன் வீடு மைதானத்துக்கு எதிர்லதான் இருக்கு. பார்த்தியா நீ?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"திரையை இழுத்துவிட்டேன்."

எல்மா சுவரோரம் இருந்த ஒரு டயரைத் தூக்கி வேறொரு இடத்தில் போட்டாள். அங்கே அதற்கு ஒரு வேலையும் இல்லை. பிறகு அதைத் தூக்கிப் பழைய இடத்திலேயே போட்டாள்.

நண்பகலுக்கு டேரல் வந்தான். தலையில் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுத் தொப்பி, கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பையில் இறைச்சி அடைத்துச் சுட்ட சூடான பாஸ்டிகள். "எல்லாருக்கும் வாங்கிட்டு வந்திருக்கேன். என் குதிரை ரெடியா?" என்றவன் மேசைமேல் இருந்த மண்ணைப் பார்த்தான். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தான். பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றான்.

"ரூத் சொல்லிட்டாளா?"

"டயர் சொல்லிடுச்சு" என்றாள் எல்மா.

"எல்மா, நான் வேணும்னே பண்ணல. அவ நல்லா ஓட்டுவா. நாங்கல்லாம் பனியிலயே பொறந்து வளர்ந்தவங்க. என் அப்பா மொட்டை டயர்ல பின்னால மணல் மூட்டையைப் போட்டுக்கிட்டு காலம் பூரா ஓட்டினார்."

"நீ ஜூலையில பொறந்தே. வருஷா வருஷம் உன் பொறந்தநாளுக்கு ஏரியில குளிக்கத்தான் போறோம். உன் அப்பா மூணு தடவை பள்ளத்துல கிடந்தார். அதுல ரெண்டு தடவை இழுத்துவிட்டது வெய்க்கோ."

"மூணும் நான்தான்" என்றார் வெய்க்கோ அடுப்புப் பக்கமிருந்து.

டேரல் முகம் சிவந்துபோனான். அவமானத்தில் இருக்கிறவனுக்கு வரும் கோபம் அவனுக்கும் வந்தது. "சரி, தப்புதான். இனிமே இந்த மாத்துற வேலையே வேண்டாம். என் வண்டியில இருக்கற மாதிரி பெரிய பட்டன் வெச்ச சேத்து டயரை அவளுக்கும் போட்டுடு. கோடைக்கும் அதான், பனிக்கும் அதான். அதுலயும் உன் மலை முத்திரை இருக்கு. பார்க்கவும் வண்டி வண்டி மாதிரி இருக்கும்."

"உன் டயர் அவ்வளவு நல்லா இருந்தா, என்னத்துக்கு அவளோடதைக் கழட்டினே?"

டேரலின் பார்வை மேசைமேல் இருந்த மண்ணுக்குப் போனது.

"உன் டயர் ரப்பர் கட்டை மாதிரி. குளிர் ஏறினா இன்னும் கட்டை. சேத்துல கவ்வும், உறைஞ்ச ரோட்டுல சறுக்குக்கட்டை. கோடையில அவ நாள் பூரா தார் ரோட்டுல ஓடுறவ, அந்தப் பட்டன் போடுற இரைச்சல்ல அவளுக்குக் காது போயிடும். பனி டயரைப் போட்டுட்டு கோடையில ஓட்டினா அது அழிரப்பர் மாதிரி ரோட்டுலயே தேய்ஞ்சுபோகும். அடுத்த பனிக்கு வெறும் வழுக்கைதான் மிச்சம். ரெண்டு காலத்துக்கு ரெண்டு செட்டுன்னு நான் சொல்றது என் கடை ஓடறதுக்குன்னு நினைச்சியா?"

"நான் அப்படிச் சொல்லல."

"நாளைக்குப் புயல்னு சொல்றாங்க. சனிக்கிழமை சீசன். கேம்ப்புக்கு எந்த டயர்ல போகப்போறே?"

டேரல் ரூத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது. ஆனாலும் அவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "நாலு நாளுக்குத்தானே. இந்த வருஷம் அவ லீவு போட்டுட்டா நல்லதுன்னு..."

"என் நோயாளிங்க லீவு போட மாட்டாங்க டேரல்" என்றாள் ரூத். காலையிலிருந்து அவள் குரல் தெளிவாக வந்தது அப்போதுதான்.

எல்மா பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். பனி பொடியாக விழ ஆரம்பித்திருந்தது. கொட்டகைச் சரிவின் கீழ், ரூத்தின் வண்டியைப் போலவே பழைய, ஆனால் விலை குறைந்த ரகத்தில் ஒரு பிக்கப் நெடுநாளாக உடைப்புக்குக் கிடந்தது. அதிலிருந்து எடுத்த நான்கு இரும்பு ரிம்கள் சுவரில் மாட்டியிருந்தன. அவள் கோபத்தில் ஒன்றை இழுத்த வேகத்தில் மற்றவையும் சரிந்து விழுந்தன. ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்து டேரலுடைய வண்டியில் சக்கரம் கழற்றிய பக்கத்துக்குப் போனாள்.

"அது என்னோட வண்டி" என்றான் டேரல்.

"தெரியும்."

ரிம்மைத் தூக்கி ஆறு போல்ட்டுக்கும் நேராகப் பிடித்துத் தள்ளினாள். பிரேக்கின் இரும்புக் கவ்வியில் ரிம் மோதி நங்கென்று சத்தம் வந்தது. திருப்பிப் பிடித்துத் தள்ளினாள். திரும்பவும் மோதியது. போல்ட்டுகளின் முனைகூட வெளியே தெரியவில்லை. பதினேழு அங்குல ரிம்முக்குள் மட்டுமே அடங்கும் அந்தப் பெரிய பிரேக்கின்மேல் பதினாறு அங்குலம் ஏறவே ஏறாது. ரூத்துடைய பழைய வண்டியின் பிரேக் சின்னது, அதில் ஏறும்.

"இனிமே அவ சக்கரம் உன் வண்டியில ஏறாது" என்றாள் எல்மா. "சுத்தியல் எடுத்து அடிச்சாலும் ஏறாது. நீயே தள்ளிப் பாரு."

டேரல் தள்ளிப் பார்க்கவில்லை.

வெய்க்கோ எழுந்து வந்து குனிந்து பார்த்துவிட்டுத் தாடையைத் தடவினார். "பதினாறு அங்குலம்னா, சுவரோரம் இருக்கற என் டயர்தானே அதுக்குப் பொருந்தும்?"

எல்மா அவர் பக்கம் திரும்பினாள். இதைக் கேட்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. யாரிடமும் எதையும் கேட்பது அவளுக்குப் பிடிக்காது. "உங்க வண்டியும் அவ வண்டியும் ஒரே எடை. நான் உங்களுக்கு அடுத்த வாரம் வேற வரவழைச்சுத் தர்றேன்."

"எடுத்துக்கோ. நான் கேம்ப்புக்கு டேரலோட போறேன். மேட்டுல நின்னா இறங்கித் தள்ளுறேன். என்ன தம்பி, தள்ளலாம்ல?"

டேரல் பாஸ்டிப் பையை மேசைமேல் வைத்தான்.

"இங்க பேசினது எதுவும் உங்க காதுல விழல வெய்க்கோ" என்றாள் ரூத்.

"எனக்கு ஒரு காது அவுட்டும்மா. இன்னொண்ணு ரொம்ப நல்லா இருக்கு."

பிறகு எல்மா வேலையில் இறங்கினாள். ரிம்களின் துருவை விளிம்பு விளிம்பாகத் தேய்த்தாள். டயர் உட்காரும் இடத்தில் ஒரு பொட்டுத் துரு இருந்தாலும் குளிரில் காற்று கசியும். டயரின் பக்கத்தில் பொறித்திருந்த எடைக் குறியை விளக்கு பிடித்துப் படித்து, ரூத் பின்னால் ஏற்றும் ஆக்சிஜன் சிலிண்டர்களையும் கட்டில் சாமான்களையும் மனதில் கூட்டிப் பார்த்துக்கொண்டாள். போதும். முன்பு போட்டதைவிட ஒடுக்கமான டயர் இது. அகலமானது பனிமேல் மிதக்கும், ஒடுக்கமானது பனியைக் கிழித்துக்கொண்டு கீழே ரோட்டைத் தேடும். போன வருடமே இதைத்தான் போட்டிருக்க வேண்டும் என்று தோன்றியபோது அவளுக்குத் தன்மேலும் எரிச்சல் வந்தது. மெஷின் சுற்றியது, டயர் ரிம்மில் ஏறியது, காற்று நிறைந்து விளிம்பு பட்டென்று உட்கார்ந்தது. ஈயக்கட்டிகளை வைத்துச் சுற்றிவிட்டு நடுங்காமல் ஓடும்வரை விடவில்லை.

டேரல் ஒருமுறை சக்கரம் தூக்க வந்தான். "தொடாதே" என்றாள். அவன் விலகிப் போய் நின்றான்.

ஒவ்வொரு சக்கரத்தையும் அம்புக்குறி பார்த்து மாட்டினாள். நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக முதலில் கையால் முடுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, முறுக்கு அளக்கும் நீளமான ஸ்பேனரால் ஒவ்வொன்றையும் க்ளிக் என்று சத்தம் வரும்வரை இறுக்கினாள். கழற்றி வைத்த கோடை டயர்களைச் சாக்குக்கட்டியால் எழுதித் தன் கொட்டகையில் அடுக்கினாள். அவை சாந்தமான, நேர்க்கோட்டுப் பள்ளம் வைத்த, சத்தமில்லாத டயர்கள். மே மாதத்தில் ரூத் இங்கே வந்துதான் மாற்ற வேண்டும், வீட்டில் இல்லை.

மிச்சமிருந்தது களிமண் அப்பிய அந்த நான்கு பனிச் சக்கரங்கள். எல்மா அவற்றை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு போய் டேரல் வண்டியின் பின்னால் தூக்கிப் போட்டாள். ஒவ்வொன்றும் விழும்போது வண்டி அதிர்ந்தது.

"இது என்னத்துக்கு?" என்றான்.

"உன் டயர்னு ஊர் பூரா சொன்னேல்ல. இப்ப உன்னோடது. மேட்டுக்குக் கீழ வெய்க்கோ கிடந்து தள்ள வேண்டாம். மாட்டுறப்ப அம்பைப் பார்த்து மாட்டு. படிக்கத் தெரியும்ல?"

"உன் முன்சக்கரம் இன்னும் கழண்டுதான் கிடக்கு டேரல்" என்றார் வெய்க்கோ, ஒரு பாஸ்டியை எடுத்துக் கடித்தபடி. "அவ அதை இன்னிக்குப் போடுவான்னு எனக்குத் தோணல. ஸ்பேனர் அங்க இருக்கு பாரு."

டேரல் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்து தன் சக்கரத்தைத் தானே தூக்கினான்.

எல்மா ரூத்தின் பிக்கப்பை மெதுவாக வெளியே ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினாள். ரோட்டில் விரல் கனத்துக்குப் பனி விழுந்திருந்தது. பின்னால் இரண்டு ஒடுக்கமான தடங்கள் கூர்மையாகப் பதிந்திருந்தன. இறங்கி வந்து சாவியை நீட்டினாள். ரூத் பிடித்தாள். எல்மா விடவில்லை.

"கொஞ்ச நாள் ஓட்டினதும் நட்டை மறுபடி முறுக்கணும். இங்க வா."

"வர்றேன்."

"முதல் சில மைல் பிரேக்கை மெதுவா மிதி. புது ரப்பர், வழுக்கும்."

"சரி." ரூத் சாவியை இழுக்கவில்லை. "எல்மா, டேரல் சொல்ல மாட்டான். ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு காப்பிக்கு எல்லாரும் இருப்பாங்க. நான் சொல்றேன். வெய்க்கோ வாயிலேருந்து வேண்டாம். நானே சொல்றேன்."

எல்மாவின் கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை. அது இறங்க நாளாகும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"சத்தமாச் சொல்லு" என்று சொல்லிவிட்டுச் சாவியை விட்டாள்.